குற்றவாளிகள் எந்த வழியாகத் தப்புகிறார்கள்?

கம்பாலபள்ளி என்ற கிராமத்தின் பெயர் நம் வாசகர்களில் சிலருக்காவது நினைவிருக்கும். சிந்தாமணி தாலுகாவைச் சேர்ந்த ஊர் அது. இன்று சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2000-ம் ஆண்டில், தங்கவயலையும் தன்னுள் கொண்டிருந்த கோலார் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 11-ந் தேதி அங்கே தலித் மக்களின் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஏழு பேர் எரிந்து மாண்டார்கள். வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. கண்ணால் கண்டதாகச் சொல்லப்பட்ட சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறி, தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். உற்றாரைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2006 டிசம்பரில் எதிரிகள் அனைவரும் விடுதலையானார்கள். 2014 ஆகஸ்டில் கர்நாடக ஹைகோர்ட் அந்த விடுதலையை உறுதி செய்தது.

ஏழு பேர் செத்தது நிஜம். வீடு எரிந்தது நிஜம். தீ வைத்தவர் யாரோ சிலர் இருந்தார்கள் என்பதும் நிஜம். ஆனால் சட்டத்தின் கண்ணில், அந்தக் காரியத்தைச் செய்தவர் என்று இன்றுவரை ஒருவரும் இல்லை.

நம் மாநிலத்தின் வெண்மணியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்த் தஞ்சையில் 44 ஜீவன்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்தார்கள். நாகப்பட்டினம் கோர்ட்டு சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுவித்தது. விடுதலையானவர்களில் முக்கியமானவரான மிராசுதார் 1980-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். கோர்ட்டு தண்டிக்காமல் விட்டதை அரிவாள் தண்டித்தது என்று அன்று சிலர் திருப்திப்பட்டார்கள். அந்தத் திருப்தியில் பங்குகொள்ள நம்மால் இயலவில்லை. ஆனால் அது எங்கிருந்து பிறந்தது என்பதும் நமக்குப் புரியாமல் இல்லை.

இந்த நாட்டில் குற்றம் செய்தவன் தப்பித்துக்கொள்கிறானா என்று கேட்டால், தப்பித்துக்கொள்கிறான் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரமே சாட்சி. 2022-ம் ஆண்டுக் கணக்கின்படி, விசாரணை முடிந்த கொலை வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை பாதிக்கும் குறைவு. பெண்களுக்கு எதிரான பலாத்கார வழக்குகளில் நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. விடுதலையான ஒவ்வொருவனும் குற்றவாளி என்று இதற்கு அர்த்தமல்ல. பொய் வழக்குகளும் உண்டு, ஆள் மாறிய வழக்குகளும் உண்டு. ஆனாலும், செத்தவன் செத்ததுதான். கொன்றவன் எங்கே என்ற கேள்வி நிற்கிறது.

எந்த வழியாகத் தப்புகிறான் என்பதுதான் இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி. டீக்கடையிலும் பஸ்ஸிலும் சட்டசபையிலும்கூட இதற்கு ஒரே பதில்தான் அடிபடுகிறது. "சட்டம் ரொம்பவும் இளக்காரமாக இருக்கிறது. ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக நூறு குற்றவாளிகளைத் தப்பவிடுகிறார்கள். சந்தேகத்தின் பலன், சந்தேகத்தின் பலன் என்று சொல்லியே எல்லோரையும் விட்டுவிடுகிறார்கள்" என்பது அந்தப் பதில். (இங்கிலாந்தின் பிளாக்ஸ்டன் எழுதியது பத்துக் குற்றவாளிகள் என்றுதான். நாம் சொல்லும்போது அது நூறாகிவிட்டது. கோபம் வளர வளர எண்ணிக்கையும் வளர்ந்தது போலும்.)

இந்தக் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019 டிசம்பர் 6-ந் தேதி ஹைதராபாத் அருகே பார்த்தோம். ஒரு பெண் டாக்டரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸார் விடிவதற்கு முன் ஸ்தலத்துக்கு அழைத்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றார்கள், துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. ஜனங்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். சுப்ரீம் கோர்ட் நியமித்த நீதிபதி சிர்பூர்கர் கமிஷன் 2022-ல் தன் முடிவைச் சொன்னது. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சுட்டார்கள். செத்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அந்த நால்வர்தான் குற்றவாளிகளா, வேறு எவரேனும் கூட இருந்தார்களா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்து அறிய முடியாது. பூத்தூவிய கைகள் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

பொதுஜனங்களின் கோபத்தை விடுவோம். இதே கருத்தைச் சட்டம் தெரிந்த பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கர்நாடக ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாக இருந்த வி. எஸ். மளிமத் தலைமையில் 2000-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. குற்ற நீதி முறையை எப்படிச் சீர்திருத்துவது என்று ஆராய்ந்து, 2003-ல் அது அறிக்கை கொடுத்தது. நல்ல யோசனைகள் பல அதில் இருந்தன. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கில் இடம் வேண்டும் என்றது; போலீஸில் புலனாய்வைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்றது. ஆனால் அதோடு நிற்கவில்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் மிகக் கடுமையானது, அதைத் தளர்த்தலாம் என்றது. போலீஸ் சூப்பரின்டென்டென்ட் அந்தஸ்தில் உள்ள அதிகாரியிடம் எதிரி கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது.

நீதிபதி மளிமத்தின் அறிவையும் நேர்மையையும் மதிக்கிறோம். ஆனால் இந்த இரண்டு யோசனைகளையும் ஏற்க நம்மால் இயலவில்லை. பெங்களூரிலிருந்து எழுதும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதை ஏற்க மறுப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மைசூருக்குப் போனால் போதும்.

1993 ஏப்ரலில் பாலாற்றங்கரையில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய கிராமங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடா சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் மக்கள். காட்டோரத்தில் ஆடு மேய்த்தும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். பெண்களும் உண்டு. தடா சட்டத்தில்தான், மளிமத் கமிட்டி பிற்பாடு சிபார்சு செய்த அதே விதி இருந்தது. சூப்பரின்டென்டென்டிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும். ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1995-ல் அந்தச் சட்டமே காலாவதியாகிவிட்டது. உள்ளே போனவர்கள் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். 2000-ம் ஆண்டில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், இவர்களை விட வேண்டும் என்று நிபந்தனை போட்டதும், வழக்கை வாபஸ் வாங்கக் கர்நாடக சர்க்கார் அவசரப்பட்டதும், கொல்லப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரியின் தகப்பனார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்ததும் பழைய கதை. அந்தத் தடை சரிதான். துப்பாக்கி முனையில் வழக்கை வாபஸ் வாங்குவது நியாயமாகாது. விசாரணை நடந்தே தீர வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். நடந்தது. 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது, 14 பேரைத் தவிர மற்ற அனைவரும், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், விடுதலையானார்கள்.

ஏழெட்டு ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகு கிடைத்த விடுதலை அது. அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமைக் கமிஷன் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அனுப்பியதும், பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதும் வாசகர்களுக்குத் தெரியும். இத்தனை கடுமையான சட்டம் இருந்தும் வீரப்பன் அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் காட்டில் உலவினான். 2004 அக்டோபரில்தான் அவன் கதை முடிந்தது. சட்டத்தின் கண்ணியை இறுக்கியபோது அதில் விழுந்தவர்கள் யார், விழாமல் நடமாடியவன் யார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் வேண்டுமா?

வேண்டும் என்பவர்களுக்கு மும்பை இருக்கிறது. 2006 ஜூலை 11-ந் தேதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் செத்தார்கள். மராட்டியத்தின் மோகா சட்டத்திலும் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும். அந்த வாக்குமூலங்களையும் நம்பி 2015-ல் தனிக் கோர்ட்டு 12 பேருக்குத் தண்டனை கொடுத்தது. ஐந்து பேருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21-ந் தேதி பம்பாய் ஹைகோர்ட் 12 பேரையும் விடுவித்தது. வாக்குமூலங்களை நம்ப முடியாது என்றது. அடையாள அணிவகுப்பையும் ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் அதற்குள் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்தத் தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று மட்டும் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது, விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. ஹைகோர்ட்டு சொன்னது சரியானால், 19 ஆண்டுகள் போலீஸார் தவறான ஆட்களைப் பிடித்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள். குண்டு வைத்தவன் அந்த 19 ஆண்டுகளும் எங்கோ நிம்மதியாகத் தூங்கினான்.

நிரபராதியைத் தண்டிப்பதும் குற்றவாளியைத் தப்பவிடுவதும் ஏதோ தராசின் இரண்டு தட்டுகள் போலவும், ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும் என்பது போலவும் பேசுகிறோம். அப்படியல்ல. ஓர் அப்பாவி கூண்டில் நிற்கும் ஒவ்வொரு வழக்கிலும் உண்மையான குற்றவாளி வெளியில் நிற்கிறான். இரண்டும் ஒரே குற்றம்.

நம் மாநிலங்களிலேயே, நம் காலத்திலேயே, மனத்தை உறுத்தும் வழக்கு ஒன்று உண்டு. தட்சிண கன்னட மாவட்டத்தில் பெள்தங்கடி தாலுகாவில், 2012 அக்டோபரில், கல்லூரி விட்டு வீடு திரும்பிய பதினேழு வயது மாணவி வழியில் காணாமற்போனாள். மறுநாள் பிணமாகக் கிடந்தாள். பாலியல் பலாத்காரம், கொலை. போலீஸார் ஒருவரைப் பிடித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் விசாரித்தது, பிறகு சி.ஐ.டி. விசாரித்தது, பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. மூன்று பேரும் அதே ஒருவரைத்தான் சுட்டிக்காட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர்களே, இவர் செய்யவில்லை, செய்தவர்களைப் பிடியுங்கள் என்று வீதிக்கு வந்து போராடினார்கள். 2023 ஜூனில் பெங்களூரில் தனிக் கோர்ட்டு அந்த மனிதரை விடுவித்தது. ஆதாரம் இல்லை. பதினொரு ஆண்டுகளில் ஒரு மனிதனின் வாழ்க்கை வீணாயிற்று. ஒரு பெண்ணைக் கொன்றவன் யார் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை.

இங்கே சந்தேகத்தின் பலன் என்ற விதியைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த விதியை எடுத்துவிட்டால் என்ன நடந்திருக்கும்? ஆதாரமில்லாத ஒருவர் ஆயுள் முழுதும் உள்ளே இருந்திருப்பார். வழக்கு 'வெற்றி' என்று கோப்பில் ஏறியிருக்கும். அவ்வளவே.

கொலை நடந்த இடத்தில் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், பிறகு எந்தப் பெரிய ஏஜென்ஸி வந்தாலும் மழையில் கரைந்த ரத்தக் கறையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கூட்டம் மிதித்த காலடித் தடத்தைப் படிக்க முடியாது. சாம்பிளைச் சரியாக எடுக்காமல், முத்திரை வைக்காமல், நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் விட்டுவிட்டு, மூன்றாண்டு கழித்து நீதிபதியைப் பார்த்து ஏன் விட்டீர்கள் என்று கேட்பது நியாயமல்ல. ஸ்டேஷனில் உள்ள இன்ஸ்பெக்டரையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. காலையில் மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து, மாலையில் ஊர்வலம், இரவு ரோந்து, இடையில் ஒரு மணி நேரம் கொலை வழக்கு என்று அவர் ஓடுகிறார். புலனாய்வை, சட்டம் ஒழுங்கு வேலையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது 2006 செப்டம்பரில்.

2014 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் போட்ட இன்னோர் உத்தரவைப் பற்றி அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குஜராத்தில் ஆறு வயதுச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாக ஒருவருக்குக் கீழ்க் கோர்ட்டு தூக்குத் தண்டனை கொடுத்திருந்தது. ஹைகோர்ட் விடுவித்தது. புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, மனம் நொந்துகொண்டே, சுப்ரீம் கோர்ட்டும் அந்த விடுதலையை உறுதி செய்தது. கூடவே ஒன்று சொன்னது. இனி ஒவ்வொரு மாநிலத்திலும், விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் எடுத்து, ஏன் தோற்றது என்று ஆராய ஒரு நிரந்தரக் கமிட்டி வேண்டும். புலனாய்வு அதிகாரியோ சர்க்கார் வக்கீலோ வேண்டுமென்றோ அசட்டையாலோ தவறியிருந்தால், அவர் மீது இலாகா நடவடிக்கை எடுக்க வேண்டும். இதைவிடத் தெளிவான மருந்துச் சீட்டு ஒரு நோயாளிக்குக் கிடைக்காது. மருந்தை வாங்க வேண்டியவர்கள்தான் சர்க்கார்கள்.

சாட்சிகளின் விஷயத்துக்கு வருவோம். கம்பாலபள்ளியில் வழக்கு உடைந்தது அங்கேதான்.

பிறழ் சாட்சி என்றவுடன் காசு வாங்கிக்கொண்டு மாறியவன் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியும் சிலர் உண்டு. ஆனால் கம்பாலபள்ளி போன்ற ஓர் ஊரில், யார் வயலில் வேலை செய்து சோறு தின்ன வேண்டுமோ அவர் எதிரில் நின்று, இவர்தான் தீ வைத்தார் என்று விரல் நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு, அன்று மாலை அதே பஸ்ஸில், அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் பிடிக்க அதே தெருவில் போக வேண்டும். வழக்கோ ஆறு ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆறு ஆண்டுகள் அவரைக் காப்பாற்றச் சர்க்காரிலிருந்து யார் போனார்கள்? கோர்ட்டுக்கு வந்தால், வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த மாதம் வா. ஒரு நாள் கூலி போயிற்று. அடுத்த மாதம் நீதிபதி லீவு. இப்படி நான்கு முறை அலைந்தவன் ஐந்தாம் முறை 'எனக்கு ஒன்றும் தெரியாது சாமி' என்றால், அவனைக் கோழை என்று சொல்லும் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

சாட்சி பயந்தபோது சட்டம் என்ன செய்கிறது என்பதற்குப் பரோடாவின் பெஸ்ட் பேக்கரி வழக்கு உதாரணம். 2002-ல் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கு. 2003-ல் சாட்சிகள் மாறியதால் 21 எதிரிகளும் விடுதலை. சுப்ரீம் கோர்ட் 2004-ல் அந்த விசாரணையை ரத்து செய்து, மறு விசாரணையை மராட்டியத்துக்கு மாற்றியது. 2006-ல் மும்பைக் கோர்ட்டில் ஒன்பது பேருக்குத் தண்டனை கிடைத்தது (மேல்முறையீட்டில் நால்வருக்கே அது நிலைத்தது). இடத்தை மாற்றியதும் வழக்கின் முகம் மாறிற்று. ஆனால் அந்த வழக்கின் முக்கிய சாட்சியான இளம்பெண், முன்னும் பின்னும் மாற்றிப் பேசியதற்காக ஓராண்டு சிறைக்குப் போனார். தன் குடும்பத்தைத் தீயில் பறிகொடுத்த பெண் அவர். பொய்ச் சாட்சி சொல்வது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரை மாறச் செய்தவர்கள் யாரோ, அவர்களையும் சட்டம் அதே வேகத்தோடு தேடியிருக்க வேண்டாமா?

இடம் மாற்றினால் வழக்கு பிழைக்கும் என்பதைப் பெங்களூர்வாசிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் ஆட்சி மாறியதும் சாட்சிகளைத் திரும்ப அழைத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள்; ஏராளமானவர்கள் தாங்கள் முன்பு சொன்னதை மறுத்தார்கள். சர்க்கார் வக்கீல் அதை ஆட்சேபிக்கவும் இல்லை. 2003 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்து இங்கே அனுப்பியது. 2014 செப்டம்பர் 27-ல் நீதிபதி குன்ஹா தண்டனை விதித்தார். 2015-ல் ஹைகோர்ட் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. முதல் எதிரி அதற்குள் காலமாகிவிட்டார், மற்ற மூவர் பரப்பன அக்ரகாரத்துக்குப் போனார்கள். ஒரு வழக்கைக் காப்பாற்ற மாநிலத்தையே மாற்ற வேண்டியிருந்தது, இருபதாண்டுகள் பிடித்தன. கம்பாலபள்ளியின் கூலிக்காரனுக்காக எந்த எதிர்க்கட்சித் தலைவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுப்போடுவார்?

2018 டிசம்பரில் சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றைச் சுப்ரீம் கோர்ட் ஏற்று, அதுவே நாடெங்கும் சட்டமாக இருக்கும் என்றது. அதன்படி, அச்சுறுத்தலுக்கு உள்ளான சாட்சி மாவட்டக் கமிட்டிக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கு மாவட்ட நீதிபதிதான் தலைவர். போலீஸார் ஆபத்தின் அளவை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குக் காவல், கோர்ட்டில் எதிரியைப் பாராமல் சாட்சி சொல்ல வசதி, தேவைப்பட்டால் வேறு ஊரில் குடியமர்த்துதல் வரை அதில் இடமுண்டு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 398-வது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 176-வது பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர்கள் ஸ்தலத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது; மாநிலங்கள் தயாராவதற்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. புதிய சட்டங்களின் வடமொழிப் பெயர்களைப் பற்றி நமக்குப் பல மனக்குறைகள் உண்டு. இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றிக் குறையில்லை. நிதியும் ஆளும் ஒதுக்கினால் இவை வேலை செய்யும். ஒதுக்காவிட்டால் புத்தகத்தில் இருக்கும்.

சாட்சிகள் உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதையும் இதே மாநிலம் காட்டியிருக்கிறது. கொப்பள மாவட்டம் கங்காவதி தாலுகாவில் மரகும்பி என்ற கிராமம். அங்கே முடிதிருத்தும் கடையிலும் ஓட்டலிலும் தலித் மக்களை அனுமதிக்கவில்லை என்ற தகராறு. 2014 ஆகஸ்டில் அவர்களுடைய வீடுகளைக் கும்பல் தாக்கிக் கொளுத்தியது. 2024 அக்டோபரில் கொப்பளம் செஷன்ஸ் கோர்ட்டு 101 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, 98 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் பெரும்பாலோர் ஜாமீன் பெற்று வெளியே வந்தார்கள். ஹைகோர்ட்டின் முடிவு எதுவோ அதுவே முடிவு. அதைப் பற்றி நாம் ஆரூடம் சொல்லப் போவதில்லை. ஆனால் பத்தாண்டுகள் ஒரு கிராமத்தின் சாட்சிகள் நிலைகுலையாமல் நின்றார்கள் என்பதும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அதே 'கடுமையான' அளவுகோலை வைத்தே ஒரு நீதிபதி நூறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானிக்க முடிந்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயங்கள். கம்பாலபள்ளிக்கும் மரகும்பிக்கும் ஒரே சட்டம்தான்.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நாலு தலைமுறையாக இருப்பவர்களுக்குக் கன்னடம் பிரச்னையில்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து, சாரத்தின் அடியிலேயே குடிசை போட்டுத் தங்கியிருக்கும் தொழிலாளி ஒரு கொலையைப் பார்த்துவிட்டால்? போலீஸ் ஸ்டேஷனில் அவர் தமிழில் சொல்கிறார், ஏட்டு கன்னடத்தில் எழுதுகிறார். இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் அவர் சொன்னதற்கும் எழுதியதற்கும் முரண்பாடு என்று வக்கீல் கிழிக்கிறார். அந்த முரண்பாட்டிலேயே ஒரு குற்றவாளி தப்பிவிடலாம். ஆகவே சில விவரங்களை நம் வாசகர்கள் தெரிந்துகொண்டு, தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். போலீஸார் சாட்சியை விசாரித்து எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடத் தேவையில்லை, போடச் சொல்லவும் சட்டத்தில் இடமில்லை. கோர்ட்டில் தமிழில் சாட்சி சொல்ல உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சாட்சி வந்து காத்திருக்கும்போது, தக்க காரணம் எழுதாமல் விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் சட்டம்தான்.

சட்டத்தைச் சொன்ன நாம் நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். தெருவில் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடந்தால், முதலில் கடையின் ஷட்டரை இறக்குகிறோம். போலீஸார் வந்தால், நான் அப்போது உள்ளே இருந்தேன் என்கிறோம். 'வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள், நமக்கேன் வம்பு' என்பது நம்மிடம் பழகிப்போன வார்த்தை. 1991-லும் 2016-லும் காவேரித் தகராறில் நம் கடைகளும் வண்டிகளும் எரிந்தபோது, எரித்தவனைப் பார்த்த அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்கள் முன்வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம். எதிர்பார்த்தது நியாயம். அதே நியாயம் நம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது.

கர்நாடக சர்க்காருக்கு நம் வேண்டுகோள் பெரிதல்ல. 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, ஒவ்வொரு மாவட்டத்திலும் சென்ற ஆண்டு எத்தனை விடுதலைகள் ஆராயப்பட்டன, எத்தனை அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, சாட்சிப் பாதுகாப்பு கோரி எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனைக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட்டது என்ற நான்கு எண்களை ஆண்டுக்கு ஒரு முறை சட்டசபையின் மேஜையில் வைக்கட்டும். பட்ஜெட் கூட்டத் தொடரிலேயே இதைச் செய்யலாம். பெள்தங்கடித் தாய்க்கும் கம்பாலபள்ளியில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் அந்த எண்களைக் கேட்கும் உரிமை இருக்கிறது.